வாசகர் கேள்வி – பதில்: லினக்ஸும் பிஎஸ்டியும்

பழைய கணினிகளில் கட்டற்ற இயங்குதளங்களை நிறுவுவது குறித்துச் சென்ற இதழில் எழுதியிருந்த சிறு குறிப்பின் கடைசி வரியில், யூனிக்ஸ் வழிவந்தவற்றில் லினக்ஸைத் தவிர ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி, நெட்பிஎஸ்டி ஆகியவையும் உள்ளன என்று சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றியே பெரும்பாலான கடிதங்கள் வந்திருப்பதால், இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி இரண்டும் யூனிக்ஸ் வகை என்று எங்கள் பாடநூல் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. முனையத்தைத் திறந்தால் கட்டளைகளும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அப்படியானால் இவற்றுக்குள் உண்மையான வேறுபாடுதான் என்ன?
– பொறியியல் மாணவி, திருநெல்வேலி

பதில்: நீங்கள் திறந்த அந்த முனையத்திலிருந்தே தொடங்கலாம். ஒரு கோப்புறையில் என்னென்ன இருக்கின்றன என்று பார்க்க ‘எல்எஸ்’ என்று தட்டுகிறீர்கள். டெபியன் லினக்ஸில் அந்தக் கட்டளை, கட்டற்ற மென்பொருள்களை உருவாக்கும் குனு திட்டத்தின் கோர்யூட்டில்ஸ் தொகுப்பிலிருந்து வருகிறது. அது சார்ந்து நிற்கும் சி நிரலகம், குனுவின் இன்னொரு திட்டமான ஜிலிப்சியைச் சேர்ந்தது. அடியில் இருந்துகொண்டு வட்டையும் நினைவகத்தையும் ஆளும் கர்னல், லினஸ் டோர்வால்ட்ஸ் தலைமையில் இயங்கும் வேறொரு குழுவின் ஆக்கம். கணினி எழுந்தவுடன் மற்ற சேவைகளை ஒவ்வொன்றாகத் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டியை எழுதுவோர் இன்னொரு குழுவினர். இவ்வாறு பல இடங்களிலிருந்து வருபவற்றைத் திரட்டி, ஒன்றுக்கொன்று முரண்படாமல் பொருத்தி, சோதித்து, ஒரே வழங்கலாக நம்மிடம் தருவதுதான் டெபியன் குழுவினர் செய்யும் பணி. ஃப்ரீபிஎஸ்டியிலோ அதே எல்எஸ் கட்டளை, அதன் சி நிரலகம், கர்னல், அந்தக் கட்டளைக்கான கையேட்டுப் பக்கம் ஆகிய நான்கும் ஒரே மூலநிரல் களஞ்சியத்தில், ஒரே குழுவின் பொறுப்பில் இருக்கின்றன. கர்னலில் ஓர் இடைமுகத்தை மாற்றுபவர், அதைப் பயன்படுத்தும் கட்டளையையும் அதன் கையேட்டையும் கையோடு சேர்த்துத் திருத்திவிட முடியும்.

இதன் விளைவை வலையமைப்புக் கட்டளைகளில் கண்ணாரக் காணலாம். லினக்ஸில் ஒரு காலத்தில் ‘இஃப்கான்ஃபிக்’ கட்டளையைப் பயன்படுத்தி வந்தோம். கர்னலின் வலையமைப்புப் பகுதி வளர்ந்தபோது, அந்தக் கட்டளையை வைத்திருந்த திட்டம் அதனுடன் சேர்ந்து வளரவில்லை. எனவே ‘ஐபி’ என்ற புதிய கட்டளை வேறொரு திட்டத்திலிருந்து வந்தது. வைஃபைக்கு ‘ஐடபிள்யூகான்ஃபிக்’ இருந்தது, பின்னர் அதன் இடத்தில் ‘ஐடபிள்யூ’ வந்தது. பிஎஸ்டி குடும்பத்தில் இன்றும் அதே இஃப்கான்ஃபிக்தான் கம்பி இணைப்பு, வைஃபை எல்லாவற்றையும் கவனித்துக்கொள்கிறது. பத்தாண்டுகளுக்கு முன் எழுதிவைத்த குறிப்பைப் பார்த்து இன்றைக்கும் பெரும்பாலான வேலைகளை அதில் செய்துவிடலாம். இந்தத் தொடர்ச்சியை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆயினும், லினக்ஸின் புதிய ஐபி கட்டளையால் செய்ய முடிகிற சில நுட்பமான வேலைகள் பழைய கட்டளைக்கு எட்டாதவை என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது.

அடுத்தது பரம்பரை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1969-இல் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கத் தொடங்கிய யூனிக்ஸ், எழுபதுகளில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு வந்தது. அங்கே பில் ஜாய் முதலானோர் அதில் செய்த திருத்தங்களையும் சேர்க்கைகளையும் 1978 முதல் ‘பெர்க்லி மென்பொருள் வழங்கல்’ என்ற பெயரில் வெளியிட்டார்கள். பிஎஸ்டி என்பது அந்தப் பெயரின் சுருக்கம். இணையம் இன்று ஓடிக்கொண்டிருக்கும் டிசிபி/ஐபி நெறிமுறைகளைப் பல்கலைக்கழகங்களுக்குப் பரவலாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது 1983-இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி. எனவே இன்றைய பிஎஸ்டிகள் யூனிக்ஸின் நேரடி வாரிசுகள். லினக்ஸ் கர்னலோ யூனிக்ஸின் நடத்தையைப் பார்த்து, அதன் மூலநிரலில் ஒரு வரியையும் எடுக்காமல், புதிதாக எழுதப்பட்டது. உங்கள் பாடநூல் ‘யூனிக்ஸ் வகை’ என்று இரண்டையும் ஒரே கூடையில் போட்டது தவறில்லை. ஒன்று இரத்த உறவு, மற்றொன்று பழகிப் பெற்ற உறவு என்று ஒரு வரி கூடுதலாகச் சேர்த்திருக்கலாம்.

கேள்வி: பிஎஸ்டி இவ்வளவு மூத்தது, இணையத்துக்கே அடித்தளம் இட்டது என்றால், உலகம் ஏன் லினக்ஸின் பக்கம் போனது?
– வலையமைப்புப் பணியாளர், யாழ்ப்பாணம்

பதில்: பல காரணங்கள் சொல்லப்படுகின்றன, காலம் தவறியதே அவற்றில் முதன்மையானது என்பது என் கருத்து. பெர்க்லி வழங்கலில், பெல் ஆய்வகத்தின் உரிமையாளரான ஏடி அண்ட் டி நிறுவனத்துக்கு உரிமையுள்ள நிரல் கலந்திருந்ததால், உரிமத்துக்குப் பணம் கட்டியவர்களே அதைப் பெற முடிந்தது. அந்தப் பகுதிகளை ஒவ்வொன்றாக விலக்கி, புதிதாக எழுதி, 1991-இல் ‘நெட் 2’ என்ற வெளியீட்டைப் பெர்க்லி குழுவினர் கொண்டுவந்தனர். அதை அடிப்படையாகக் கொண்டு வில்லியம் ஜாலிட்ஸும் லின் ஜாலிட்ஸும் இன்டெல் 386 செயலி கொண்ட சாதாரண கணினியில் ஓடும் 386பிஎஸ்டியை 1992-இல் வெளியிட்டார்கள். வீட்டு மேசையில் முழுமையான யூனிக்ஸ் கிடைத்துவிட்டது என்று பலரும் மகிழ்ந்த அதே ஆண்டில், ஏடி அண்ட் டியின் துணை நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போனது. நெட் 2-ஐ வைத்து வணிகம் செய்த பிஎஸ்டிஐ என்ற சிறு நிறுவனமும், பின்னர் பல்கலைக்கழகமும் எதிர்வாதிகள் ஆயின.

வழக்கு 1994-இன் தொடக்கத்தில் சமரசத்தில் முடிந்தது. முடிவில் ஏறத்தாழ 18,000 கோப்புகளில் மூன்றே மூன்றைத்தான் நீக்க வேண்டியிருந்தது. இன்னும் எழுபது கோப்புகளில் பதிப்புரிமைக் குறிப்பைச் சேர்த்தார்கள். அந்த மூன்று கோப்புகளுக்காக ஒரு சமூகம் இழந்த இரண்டு ஆண்டுகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, எந்த நிறுவனமும் தன் பணத்தையும் உழைப்பையும் பிஎஸ்டியில் போடத் தயங்கியது இயல்புதான்.

அந்த இடைவெளியில் லினக்ஸ் வளர்ந்துவிட்டது. ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் தன் முயற்சியை அறிவித்தார். 1992-இல் அதை, மாற்றங்களின் மூலநிரலையும் பகிரக் கோரும் ஜிபிஎல் உரிமத்தின்கீழ் கொண்டுவந்தார். ஸ்லாக்வேர், டெபியன் ஆகிய லினக்ஸ் வழங்கல்கள் 1993-இல் தோன்றின. வழக்கு முடிந்த 1994-இல் லினக்ஸ் 1.0 வந்துவிட்டது. 386பிஎஸ்டி முன்பே கிடைத்திருந்தால் லினக்ஸை எழுதத் தொடங்கியிருக்கவே மாட்டேன் என்று டோர்வால்ட்ஸே பின்னர் சொல்லியிருக்கிறார். இன்று உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகள் அனைத்திலும் லினக்ஸ்தான் ஓடுகிறது. 2017 நவம்பர் பட்டியலிலிருந்து நிலைமை இதுவே. ஆண்ட்ராய்டு கைபேசிகளின் கர்னலும் அதுவே. ஆயினும் பிஎஸ்டி மறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். ஆப்பிள் கணினிகளின் உள்ளே இருக்கும் டார்வினில் ஃப்ரீபிஎஸ்டியின் பகுதிகள் உள்ளன. நெட்ஃபிளிக்ஸ் படங்களை நம் வீட்டுக்கு அனுப்பும் அதன் சொந்தச் சேமிப்பு வழங்கிகள் ஃப்ரீபிஎஸ்டியில் ஓடுகின்றன. ஜூனிப்பர் ரவுட்டர்களின் ஜூனோஸும், சோனியின் பிளேஸ்டேஷன் 4-இன் இயங்குதளமும் அதிலிருந்து கிளைத்தவை.

கேள்வி: தொழிற்சாலைகளுக்கான ஒரு சிறு கண்காணிப்புக் கருவியைத் தயாரிக்கிறோம். உள்ளே லினக்ஸை வைப்பதா, பிஎஸ்டியை வைப்பதா? உரிமம் பற்றிப் பலரும் பயமுறுத்துகிறார்கள்.
– சிறுதொழில் முனைவோர், கோயம்புத்தூர்

பதில்: பயப்பட ஒன்றுமில்லை, படித்துப் பார்த்துவிட்டு முடிவெடுத்தால் போதும். பிஎஸ்டி உரிமம் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். நிரலை எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கலாம். எழுதியவர்களின் பதிப்புரிமைக் குறிப்பை மட்டும் நீக்காமல் வைத்திருக்க வேண்டும். ஏதேனும் கெட்டுப்போனால் அவர்களைப் பொறுப்பாக்கக் கூடாது. உங்கள் மாற்றங்களை வெளியிட வேண்டிய கட்டாயம் இல்லை. லினக்ஸ் கர்னலின் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு கேட்பது சற்றுக் கூடுதல்: அந்தக் கர்னல் உள்ள கருவியை ஒருவரிடம் விற்றால், உங்கள் மாற்றங்களையும் சேர்த்த கர்னல் மூலநிரலை அவர் கேட்கும்போது கொடுக்க வேண்டும். கர்னலுக்கு மேலே தனியாக ஓடும் உங்கள் சொந்தக் கண்காணிப்பு நிரலை இது கட்டுப்படுத்தாது. பலர் இந்த இடத்தில்தான் குழம்பிவிடுகிறார்கள்.

எந்த உரிமம் சிறந்தது என்று கேட்டால், நான் ஜிபிஎல் பக்கம் சற்றுச் சாய்பவன். அதற்கு ஒரு கருவியே காரணம். லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலமும் கறுப்புமான வைஃபை ரவுட்டரின் உள்ளே லினக்ஸ் இருப்பதை 2003-இல் சிலர் கண்டறிந்து, உரிமப்படி மூலநிரலைக் கேட்டார்கள். நிறுவனம் வெளியிட்டது. அந்த நிரலிலிருந்து பிறந்த ஓப்பன்டபிள்யூஆர்டி, இன்று நூற்றுக்கணக்கான ரவுட்டர் வகைகளில், தயாரித்தவர்களே கைவிட்ட பிறகும் அவற்றுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைத் தந்து உயிர்கொடுக்கிறது. உரிமம் கட்டாயப்படுத்தியிராவிட்டால் அந்த நிரல் நிறுவனத்தின் அலமாரியிலேயே கிடந்திருக்கும்.

மறுபுறம், கட்டாயம் இல்லாததால் யாருமே திருப்பித் தர மாட்டார்கள் என்பதும் சரியன்று. வட்டிலிருந்து கோப்புகளை விரைவாக அனுப்பவும், மறைகுறியாக்கத்தைக் கர்னலிலேயே செய்யவும் நெட்ஃபிளிக்ஸ் பொறியாளர்கள் எழுதியவை ஃப்ரீபிஎஸ்டியின் பொதுக் களஞ்சியத்துக்கே வந்து சேர்ந்திருக்கின்றன. தங்கள் மாற்றங்களைத் தனியாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு புதிய வெளியீட்டிலும் அவற்றை மீண்டும் பொருத்தும் சுமை தங்கள் தலையில்தான் விழும் என்பதை அவர்கள் அறிவார்கள். உங்கள் கருவியைப் பொறுத்தவரை, அதில் பயன்படுத்தப்போகும் சிப்புக்கு எந்தக் கர்னலில் இயக்கி இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். ஏஆர்எம் பலகைகளுக்குத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் லினக்ஸ் இயக்கிகளையே தருவதால், நடைமுறையில் உங்களுக்கு லினக்ஸே எளிதாக இருக்கும்.

கேள்வி: பிஎஸ்டி பயனர் குழு ஒன்றில் ‘வைஃபை வேலை செய்யவில்லை, உதவுங்கள்’ என்று கேட்டேன். ‘கையேட்டைப் படியுங்கள்’ என்று ஒரே வரியில் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார்கள். லினக்ஸ் குழுவில் இப்படி நடந்ததில்லை. இவர்கள் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறார்கள்?
– அலுவலக உதவியாளர், சேலம்

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது, உதவி கேட்டு வருபவரிடம் கனிவாகச் சொல்ல ஒரு நிமிடம் கூடுதலாகச் செலவழித்தால் யாருக்கும் குறைந்துவிடாது. ஆனாலும் அந்த ஒரு வரியின் பின்னால் இருப்பது வெறும் கடுகடுப்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒதுக்கிவைத்திருந்த ஒரு மேசைக் கணினியை வீட்டு ரவுட்டராக மாற்ற ஓப்பன்பிஎஸ்டியை நிறுவினேன். நிறுவியில் படமோ பொத்தானோ கிடையாது. கறுப்புத் திரையில் ஒவ்வொரு கேள்வியாக வரும். பக்கத்திலேயே பகர அடைப்புக்குள் அது பரிந்துரைக்கும் விடை இருக்கும். சரி என்றால் என்டரைத் தட்டிக்கொண்டே போகலாம். கால் மணி நேரத்துக்குள் முடிந்தது. மறுபடி எழுந்த கணினியில் ரூட்டாக, அதாவது நிர்வாகியாக, நுழைந்ததும், அஞ்சல் வந்திருப்பதாக ஒரு வரி காட்டியது. இணைய இணைப்பையே இன்னும் அமைக்கவில்லை, அதற்குள் யார் அஞ்சல் அனுப்பியது என்று திறந்து பார்த்தேன். ஓப்பன்பிஎஸ்டியைத் தொடங்கிய தியோ டி ராட்டின் பெயரில் ஒரு வரவேற்புக் கடிதம். நிறுவலின்போதே அதை உள்ளே வைத்துவிடுகிறார்கள். இனி என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ‘ஆஃப்டர்பூட்’ என்ற கையேட்டுப் பக்கத்தைப் படிக்கச் சொல்லியிருந்தது. படித்தேன். கடவுச்சொல்லில் தொடங்கி நேர மண்டலம் வரை, புதிதாக வந்தவருக்கு என்னென்ன ஐயம் எழுமோ அத்தனையும் வரிசையாக அங்கே இருந்தன. ஃபயர்வாலுக்கான கையேட்டின் கீழ்ப்பகுதியில் இருந்த மாதிரி விதிகளை என் வீட்டுக்கு ஏற்ப மாற்றினேன். அன்று மாலையே வேலை முடிந்தது. வேறு எங்கும் தேட வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சமூகத்தில் கையேட்டில் உள்ள பிழையும் நிரலில் உள்ள பிழையும் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன. புதிய வசதியை எழுதுபவர் அதன் கையேட்டையும் எழுதித் தந்தாக வேண்டும். அவ்வளவு உழைத்து எழுதியதைப் படிக்காமல் ஒருவர் கேட்கும்போது அவர்களுக்கு எரிச்சல் வருகிறது. மேலும், தங்களுக்குத் தேவையானதைத் தங்களுக்காகவே செய்கிறோம், பிறருக்கும் பயன்பட்டால் மகிழ்ச்சி என்று அவர்கள் வெளிப்படையாகவே சொல்பவர்கள். பயனர் எண்ணிக்கையைப் பெருக்குவது அவர்களின் நோக்கமாக இருந்ததில்லை. டி ராட் 1995-இல் நெட்பிஎஸ்டியிலிருந்து பிரிந்து தனித் திட்டத்தைத் தொடங்கியதே சக நிரலர்களுடன் ஏற்பட்ட கசப்புக்குப் பின்னர்தான் என்பதால், அந்தக் கறார்த்தனம் பிறவியிலேயே உடன்வந்தது என்றும் சொல்லலாம்.

எல்லாப் பிஎஸ்டிகளும் அப்படி அல்ல. ஃப்ரீபிஎஸ்டியில் ஒன்பது பேர் கொண்ட மையக் குழுவை, களஞ்சியத்தில் எழுதும் உரிமை பெற்றவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். புதியவர்களுக்கென்றே ‘ஹேண்ட்புக்’ என்ற பெரிய வழிகாட்டி நூலைப் பேணி வருகிறார்கள். லினக்ஸ் பக்கமும் எப்போதும் கனிவு பொழிந்ததில்லை. கர்னல் விவாதங்களில் டோர்வால்ட்ஸின் சொற்கள் பலரைப் புண்படுத்தியதுண்டு. 2018 செப்டம்பரில் அவரே வருத்தம் தெரிவித்துச் சில வாரங்கள் விலகி இருந்தார். கர்னலுக்கு நடத்தை விதிமுறையும் அப்போது ஏற்கப்பட்டது. டெபியனுக்கு எழுதப்பட்ட அரசியலமைப்பே உண்டு; ஆண்டுதோறும் தலைவரைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படியிருந்தும், சிஸ்டம்டியை ஏற்பதா என்ற கேள்வி 2014-இல் அதன் தொழில்நுட்பக் குழுவைச் சரிபாதியாகப் பிளந்து, தலைவரின் கூடுதல் வாக்கால்தான் முடிவுக்கு வந்தது. ஏற்காதவர்கள் பிரிந்துபோய் டெவுவான் என்ற தனி வழங்கலைத் தொடங்கினார்கள்.

அடுத்த முறை கேட்கும்போது, கணினி எழும்போது தான் கண்ட கருவிகளைப் பட்டியலிடும் ‘டிமெசேஜ்’ வெளியீட்டை முழுமையாக இணையுங்கள். இஃப்கான்ஃபிக் காட்டுவதையும், எந்தக் கையேட்டைப் படித்து என்ன செய்து பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஒரு வரியில் விரட்டிய அதே மனிதர் ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதுவதை நீங்கள் காண்பீர்கள். எனக்கு அப்படி நடந்திருக்கிறது.

கேள்வி: ஓப்பன்பிஎஸ்டிதான் உலகிலேயே பாதுகாப்பானது என்று நண்பர் வாதிடுகிறார். லினக்ஸ் பாதுகாப்பற்றதா?
– வங்கிப் பணியாளர், மதுரை

பதில்: உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இயல்பு நிறுவலில், தொலைவிலிருந்து நுழையக்கூடிய ஓட்டைகள் இவ்வளவு நெடுங்காலத்தில் இரண்டே இரண்டுதான் கண்டறியப்பட்டுள்ளன என்பதை ஓப்பன்பிஎஸ்டி தன் முகப்பிலேயே பொறித்து வைத்திருக்கிறது. அது உண்மை. இயல்பு நிறுவலில் மிகக் குறைவான சேவைகளே திறந்திருக்கும் என்பதும், நீங்கள் மேலே நிறுவும் மென்பொருள்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்பதும் அதே அளவு உண்மை.

இரு உலகங்களின் அமைப்பு வேறுபாடு பாதுகாப்பை எப்படித் தொடுகிறது என்பதற்கு, 2024 மார்ச் இறுதியில் வெளிவந்த எக்ஸ்இசட் விவகாரத்தைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு திட்டம்; ஏறத்தாழ ஒரே ஒருவர் ஓய்வு நேரத்தில் பேணி வந்தது. ஒரு புனைபெயர்க்காரர் சில ஆண்டுகள் பொறுமையாக உதவிசெய்து, நம்பிக்கை பெற்று, பொறுப்பாளர்களில் ஒருவராகி, 5.6.0, 5.6.1 ஆகிய வெளியீடுகளில் ஒரு பின்கதவை ஒளித்து வைத்தார். இலக்கு, தொலைவிலிருந்து வழங்கிகளுக்குள் நுழையப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எச். அந்த ஓப்பன்எஸ்எஸ்எச்சை எழுதுவதே ஓப்பன்பிஎஸ்டி குழுவினர்தான். அவர்கள் எழுதிய வடிவத்தில் எக்ஸ்இசட் நிரலகத்துக்கு இடமே இல்லை. சில லினக்ஸ் வழங்கல்கள், தங்கள் சிஸ்டம்டியுடன் அது பேசவேண்டும் என்பதற்காக அதன் நிரலில் ஒரு சிறு திருத்தம் (பேட்ச்) போட்டிருந்தன. அந்த இணைப்பு சிஸ்டம்டி நிரலகத்தையும், அதன் வழியே எக்ஸ்இசட்டையும் உள்ளே இழுத்து வந்தது. ஓப்பன்எஸ்எஸ்எச்சை எழுதியவர்கள், சிஸ்டம்டியை எழுதியவர்கள், வழங்கலைக் கட்டியவர்கள் எனத் தனித்தனியாக யாரும் தவறு செய்யவில்லை; அவர்களுக்கு நடுவே இருந்த பொருத்துமூட்டின் வழியாகத் திருடன் நுழையப் பார்த்தான். அந்தப் பின்கதவு குறிவைத்த சூழல் பிஎஸ்டிகளில் இல்லாததால் அவை பாதிக்கப்படவில்லை.

அதைக் கண்டுபிடித்த விதமும் கவனிக்கத்தக்கது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் நிரலரான ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், டெபியனின் ‘அன்ஸ்டேபிள்’ எனப்படும் வளர்ச்சி நிலைப் பதிப்பில் வேறொன்றை அளந்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்எச் வழி நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அந்த அரை நொடியை விட்டுவிடாமல் துருவிப் பார்த்ததால்தான், நிலையான பதிப்புகளுக்குள் போகும் முன்பே அது பிடிபட்டது. பல கைகள் மாறி வருவதால் இடுக்குகள் தோன்றும். பல கண்கள் பார்ப்பதால் அவை அகப்படவும் செய்யும். எனவே லினக்ஸைப் பாதுகாப்பற்றது என்று ஒதுக்க மாட்டேன். ஆனால் இணையத்தின் வாசலில் நிற்கும் ஃபயர்வாலுக்கு எதை வைப்பாய் என்று என்னைக் கேட்டால், ஓப்பன்பிஎஸ்டி என்றுதான் சொல்வேன்.

இதே இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உலகின் பெரும்பாலான வழங்கிகள் நம்பியிருக்கும் ஓப்பன்எஸ்எஸ்எச்சைத் தந்த அந்தத் திட்டம், 2014 ஜனவரியில் தன் கணினிகளுக்கான மின்கட்டணமாகிய சுமார் 20,000 டாலரைக் கட்ட முடியாமல், கொடை கேட்டு வெளிப்படையாக வேண்டுகோள் விடுக்க நேர்ந்தது. கொடைகள் வந்து சேர்ந்ததால் திட்டம் பிழைத்தது. உங்கள் வங்கியின் வழங்கிகளிலும் எஸ்எஸ்எச் இருக்கும். அதற்கு யார் பணம் தருகிறார்கள் என்று உங்கள் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நெட்பிஎஸ்டி, டிராகன்ஃப்ளை, இலூமோஸ் எல்லாம் இன்னும் இயங்குகின்றனவா?
– வாசகர், பெங்களூரு

பதில்: இயங்குகின்றன. நெட்பிஎஸ்டி 1993-இல் தோன்றியது. எந்த வன்பொருளிலும் ஓட வேண்டும் என்பதே அதன் பிடிவாதம். வேறெங்கும் ஆதரவு கிடைக்காத பழைய கணினி உங்களிடம் இருந்தால் அங்கே போங்கள். மேத்யூ டில்லன் 2003-இல் ஃப்ரீபிஎஸ்டி 4-இலிருந்து பிரித்தெடுத்த டிராகன்ஃப்ளை, ஹேமர் என்ற தன் கோப்பு முறைமைக்காகப் பேசப்படுகிறது. சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கிய பின் அதன் யூனிக்ஸ் வகை இயங்குதளமான ஓப்பன்சொலாரிஸ் கைவிடப்பட்டபோது, 2010-இல் அதன் நிரலர்கள் காப்பாற்றிக் கொண்டுவந்தது இலூமோஸ். சமூகங்கள் சிறியவை, ஆனால் கேட்டால் பதில் வரும்.

கேள்வி: என் மடிக்கணினி பழையது, நினைவகம் 4 ஜிபி. விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது, 11-ஐ அது ஏற்கவில்லை. தமிழில் தட்டச்சு செய்ய வேண்டும், மாணவர்களுக்கு வினாத்தாள் தயாரிக்க வேண்டும். மேற்சொன்னவற்றில் எதை நிறுவட்டும்?
– பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: டெபியன், எக்ஸ்எஃப்சிஇ திரைச்சூழலுடன். பிஎஸ்டிகளை இவ்வளவு பாராட்டிவிட்டு இப்படிச் சொல்வதற்குக் காரணம் உங்கள் தேவைதான். ஃப்ரீபிஎஸ்டியை நிறுவி முடித்தால் வழக்கமாக உங்கள் முன் இருப்பது ஒரு கறுப்பு முனையம். திரைச்சூழல், ஒலி, அச்சுப்பொறி எல்லாவற்றையும் நீங்களே ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். கற்றுக்கொள்ள ஆசை இருப்பவருக்கு அது அருமையான பயிற்சி. திங்கட்கிழமை வினாத்தாள் கொடுக்க வேண்டியவருக்கு அல்ல. மேலும் மடிக்கணினிகளின் வைஃபை சில்லுகளுக்கான இயக்கிகளில் பிஎஸ்டிகள் லினக்ஸைவிடப் பின்தங்கியே இருக்கின்றன.

முதலில் உங்கள் செயலி 64 பிட்தானா என்று பாருங்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல், 32 பிட் கணினிகளுக்கான நிறுவி நிறுத்தப்பட்டுவிட்டது. 32 பிட் என்றால் டெபியன் 12-ஐ எடுங்கள், அதற்கு 2028 ஜூன் வரை நீண்டகால ஆதரவு உண்டு. நிறுவும்போது தொடக்கப் பட்டியலில் வரைகலை நிறுவியைத் தேர்ந்தெடுத்தால், மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கும். வரைகலை இல்லாத, எழுத்து மட்டுமே உள்ள நிறுவியில் தமிழ் எழுத்துகள் சரியாகத் தோன்றாது என்பதால் அங்கே தமிழைத் தரமாட்டார்கள். தமிழே இல்லை என்று ஏமாற வேண்டாம். நிறுவிய பின், தட்டச்சுக்கான ஐபஸ், எம்17என் பொதிகளைச் சேர்த்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டு விசைப்பலகைகளும் கிடைத்துவிடும். வினாத்தாளுக்கு லிபர்ஆஃபிஸ் போதும். டெபியனை அடிப்படையாகக் கொண்டு, மத்திய அரசின் கணினி ஆய்வு மையமான சி-டாக்கின் சென்னைப் பிரிவு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் உண்டு. ஆனால் சிக்கல் வந்தால் தேடிப் பிடிக்கக்கூடிய உதவி டெபியனுக்கே அதிகம்.

முதல் தடவை தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால், சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன, தமிழிலேயே கேட்கலாம். உங்கள் கோப்புகளை மட்டும் ஒரு பென்டிரைவில் படியெடுத்து, அது வேறொரு கணினியில் திறக்கிறதா என்று பார்த்த பிறகு வட்டைத் தொடுங்கள்.